ஒரே ஒரு வேளை பிரிட்டிஷ் சாப்பாடு: எதைத் தேர்வது?

பிரிட்டனில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோர், பெரும்பாலும் வீட்டுச் சோற்றையே சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். புறப்படுவதற்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான், இந்த ஊர்ச் சாப்பாட்டை ஒரு வேளையாவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டாமா என்ற பேச்சு எழும். அந்த அவசரத்தில் கிடைப்பது ஏதோ ஓர் அருங்காட்சியகத்தின் எதிரில் விற்கும் குளிர்ந்துபோன சான்ட்விச்சாக இருக்கும். "உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை" என்ற தீர்ப்போடு அவர்கள் விமானம் ஏறுவார்கள். அந்தத் தீர்ப்பு முழுவதும் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது இந்த நாட்டுச் சமையலைப் பற்றிய தீர்ப்பு அன்று, தேர்ந்தெடுத்த விதத்தைப் பற்றிய தீர்ப்பு.

சென்ற ஆண்டு என் பெற்றோர் வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியிலுள்ள லீட்ஸ் நகருக்கு வந்து ஒன்பது நாள் தங்கியபோது, இந்தத் தேர்வை முன்கூட்டியே செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன். அப்பா மீனும் கோழியும் ஆட்டிறைச்சியும் சாப்பிடுவார். மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் தொட மாட்டார். அம்மா சைவம், முட்டையும் சேர்க்க மாட்டார். பல தமிழ்க் குடும்பங்களின் நிலை இதுதான் என்பதால், அப்போது எடைபோட்டுப் பார்த்தவற்றை இங்கே எழுதுகிறேன். ஆங்கிலக் காலைச் சாப்பாடு, மீனும் சிப்ஸும், ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட், மாவு மூடிச் சுட்ட பண்டங்கள், ஸ்கோன் என்ற சிறு ரொட்டியும் பாலாடையும் சேர்ந்த மாலைத் தேநீர் ஆகியவையே போட்டியில் இருந்தவை. இவற்றில் எது அதிகச் சுவை என்று கேட்டுக்கொண்டு தொடங்கினால் குழப்பமே மிஞ்சும். பிரிட்டிஷ் உணவுகள் ஒவ்வொன்றும் ஒரு கிழமைக்கோ ஒரு பொழுதுக்கோ ஓர் ஊருக்கோ கட்டுப்பட்டவை. அந்தக் கட்டை மீறிச் சாப்பிடும்போதுதான் அவை சப்பென்று ஆகின்றன. ஆகவே முதலில் நாட்காட்டியையும் வரைபடத்தையும் பார்த்துவிட்டு, நாக்கைப் பிறகு கேட்பது நல்லது.

காலைச் சாப்பாட்டிலிருந்து தொடங்கலாம், ஏனெனில் அதுதான் எளிதில் கிடைப்பது. ‘முழு ஆங்கிலக் காலைச் சாப்பாடு’ என்று பெயர் பெற்ற தட்டில் பேக்கன் என்ற உப்பிட்ட பன்றியிறைச்சிச் சீவல், பன்றியிறைச்சிச் சாசேஜ், பொரித்த முட்டை, சுட்ட தக்காளி, காளான், தக்காளிச் சாற்றில் ஊறிய வெள்ளை பீன்ஸ், டோஸ்ட் அல்லது கொழுப்பில் பொரித்த ரொட்டி, பிளாக் புட்டிங் ஆகியவை இருக்கும். பிளாக் புட்டிங் என்பது பன்றி இரத்தத்தையும் கொழுப்பையும் ஓட்ஸ் போன்ற தானியத்தையும் சேர்த்துச் செய்வது. மான்செஸ்டருக்கு அருகிலுள்ள பரி என்ற ஊர் அதற்குப் பேர்பெற்றது. நம்மூரில் ஆட்டு இரத்தப் பொரியல் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாக இருக்காது. இந்தத் தட்டிலேயே ஊர்வாரியான வேறுபாடுகள் உண்டு. ஸ்காட்லாந்தில் சதுரமாக வெட்டிய சாசேஜும் உருளைக்கிழங்கு ரொட்டியும் வரும். வேல்ஸில் கடற்பாசியை வேகவைத்து அரைத்த லேவர்பிரெட் வரும். வட அயர்லாந்தில் சோடா ரொட்டி இல்லாமல் தட்டு நிறைவடையாது. இன்று இதன் அடையாளமாகிவிட்ட பீன்ஸ் மட்டும் அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி. ஹெய்ன்ஸ் நிறுவனத்தின் பீன்ஸ் டப்பா 1886-இல் லண்டனின் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடையில் சீமைச் சரக்காக, வசதியானவர்கள் வாங்கும் பண்டமாகத்தான் அறிமுகமானது.

இதன் பெரிய வசதி, பல சிறு கஃபேக்களில் நாள் முழுவதும் கிடைப்பது. லண்டனில் இருப்பவர்கள் பெத்னல் கிரீன் பகுதியில் 1900-இலிருந்து ஒரே குடும்பத்தார் நடத்திவரும் பெல்லிச்சி கஃபேக்குப் போனால், சாப்பாட்டோடு மரவேலைப்பாடு நிறைந்த பழைய உட்புறத்தையும் பார்க்கலாம். ஆனால் எங்கள் குடும்பத்துக்கு இது ஒத்துவரவில்லை. பேக்கனையும் சாசேஜையும் பிளாக் புட்டிங்கையும் நீக்கிவிட்டால் அப்பாவின் தட்டில் முட்டையும் பீன்ஸும்தான் மிஞ்சும். அதை வீட்டிலேயே பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். சைவத் தட்டும் எல்லா இடத்திலும் உண்டு, ஆனால் காளானும் தக்காளியும் பேக்கன் புரண்ட அதே இரும்புப் பரப்பில்தான் பல கடைகளில் வேகின்றன. பன்றியிறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் இதை முழு மனதோடு பரிந்துரைப்பேன். அதுவும் அன்றைக்கு மதியச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

மீனும் சிப்ஸும் வேறு தரத்தில் நிற்கும் போட்டியாளர். இதில் நமக்குப் புரியாதது எதுவும் இல்லை. பஜ்ஜி மாவு போன்ற ஒன்றில் மீனைத் தோய்த்து எண்ணெயில் பொரிக்கிறார்கள். விரல் கனத்துக்கு நறுக்கிய உருளைக்கிழங்கைப் பொரித்து உடன் வைக்கிறார்கள். நாம் சிப்ஸ் என்று சொல்லும் மெல்லிய வறுவலுக்கு இங்கே கிரிஸ்ப்ஸ் என்று பெயர். மாவில் தோய்த்த மீனைப் பொரிக்கும் வழக்கம் ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளிலிருந்து வந்த யூதர்கள் வழியாக இங்கிலாந்துக்கு வந்தது. 1860-களில் யாரோ ஒருவர் அதனோடு உருளைக்கிழங்கைச் சேர்த்து விற்கத் தொடங்கினார். அந்த ஒருவர் லண்டனின் கிழக்குப் பகுதியில் கடை வைத்த ஜோசப் மாலினா, லங்காஷயரின் மாஸ்லியில் கடை வைத்த ஜான் லீஸா என்று தெற்கும் வடக்கும் இன்னமும் வழக்காடுகின்றன. நீராவி இழுவைப் படகுகளும் இரயில் பாதைகளும் கிரிம்ஸ்பி, ஹல் துறைமுகங்களின் மீனை உள்நாட்டு ஆலை நகரங்களுக்குக் கொண்டுசேர்த்தபோது, இது தொழிலாளர்களின் இரவுச் சாப்பாடாயிற்று. இரண்டாம் உலகப் போரில் இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை எல்லாம் பங்கீட்டு அட்டைக்குள் போனபோதும், மீனையும் சிப்ஸையும் அரசு அட்டைக்கு வெளியிலேயே விட்டுவைத்தது.

நல்ல கடையில் கண்ணெதிரே பொரித்துக் கொடுக்கும் மீனின் மேல்தோல், தங்க நிறத்தில், தட்டினால் ஓசை வரும் அளவுக்கு விறைப்பாக இருக்கும். முள்கரண்டியால் உடைத்தால் உள்ளே ஆவி பறக்கும். அந்த மாவுத் தோல் ஒரு மூடியைப் போலிருந்து மீனைத் தன் ஈரத்திலேயே வேகவைக்கிறது. ஆகவே வெள்ளைச் சதை இதழ் இதழாகப் பிரியும். மசாலா எதுவும் கிடையாது என்பதால், மீன் பழையது என்றால் அதை மறைக்க வழியே இல்லை. உப்பும் வினிகரும் தாராளமாகத் தூவச் சொல்ல வேண்டும். உறைப்பு இல்லை என்று குறைப்படுகிறவர்கள் பெரும்பாலும் வினிகரைத் தயங்கித் தயங்கித் தெளித்தவர்கள். பக்கத்தில் மஷி பீஸ் என்ற பச்சைக் கூழ் வரும். பெரிய பட்டாணியைக் காயவைத்து, இரவெல்லாம் ஆப்ப சோடாவில் ஊறவைத்து, குழைய வேகவைத்தது அது. அம்மா அதைப் பார்த்ததும், இதில் கொஞ்சம் கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்திருந்தால் எப்படி இருக்கும் என்றார். வடக்கத்திக் கடைகளில் கறி சாஸ் என்ற மஞ்சள் குழம்பும் கிடைக்கும். இனிப்பான அந்தக் குழம்பை நம் குழம்போடு ஒப்பிடாமல் வேறொரு பண்டமாக எடுத்துக்கொண்டால் சிப்ஸுக்கு நன்றாகவே இருக்கும்.

இங்கேதான் நான் சறுக்கினேன். பெற்றோர் வந்த மூன்றாம் நாள், வீட்டுக்கு அருகிலிருந்த ஒரு கடையில் அப்பாவுக்கு ஹேடாக் மீனும் அம்மாவுக்குச் சிப்ஸும் வாங்கி, பூங்கா இருக்கையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்பா கடைசித் துண்டு வரை ரசித்துச் சாப்பிட்டார். காகிதத்தைக் குப்பைத் தொட்டியில் போட மீண்டும் கடைப் பக்கம் போனபோது, மாட்டுக் கொழுப்பிலேயே பொரிக்கிறோம் என்று பெருமையாக எழுதியிருந்த பலகை கண்ணாடிக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்தேன். கடைக்காரர் எதையும் மறைக்கவில்லை, நான்தான் படிக்கவில்லை. யார்க்‌ஷயரில் பழைய கடைகள் பலவற்றில் மாட்டுக் கொழுப்பை உருக்கிப் பொரிப்பதுதான் மரபு, அதுவே தரத்தின் அடையாளமாகவும் கருதப்படுகிறது. மீன் சாப்பிட்டோம், சிப்ஸ் சாப்பிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்மையில் மாட்டுக் கொழுப்பையும் சாப்பிட்டிருப்பார்கள். தெற்கே தாவர எண்ணெய் பரவலாக இருக்கிறது, எனினும் எங்கே போனாலும் "எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள்?" என்ற கேள்வியை வாங்குவதற்கு முன் கேட்டுவிட வேண்டும். அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்கத் தவித்துவிட்டுச் சொன்னேன். "தெரியாமல் செய்ததுதானே, விடுப்பா" என்றார். ஆனால் அந்த வாரம் முழுவதும் எந்தக் கடை வாசலிலும் பலகையைப் படித்து முடிக்காமல் அவர் உள்ளே நுழையவில்லை.

மீன் என்றால் எந்த மீன் என்பதிலும் வடக்கு தெற்கு உண்டு. தெற்கே காட், யார்க்‌ஷயரிலும் ஸ்காட்லாந்திலும் ஹேடாக். ஹேடாக்கில் சற்றே இனிப்பு தூக்கலாக இருக்கும் என்பது என் நாக்கின் கணிப்பு. எடின்பரோவில் வினிகருக்குப் பதிலாகப் பழுப்பு நிறச் சாஸ் ஊற்றுவார்கள். கிளாஸ்கோக்காரர்கள் அதைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். கிழமையும் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை மீன் உண்ணும் கிறித்துவ வழக்கத்தால் அன்று மாலை கடைகளில் கூட்டம் நெரியும், எண்ணெயிலிருந்து எடுத்த மீன் உடனே கைக்கு வரும். ஞாயிறன்று பல உள்ளூர்க் கடைகள் மூடியிருக்கும். கடலோர ஊரில் சாப்பிடுவதற்குத் தனிச் சுகம் உண்டு என்பதால், யார்க்‌ஷயர்க் கடற்கரையிலுள்ள விட்பி போன்ற ஊருக்குப் போய்வர ஒரு நாளை ஒதுக்கலாம். அங்கே கடற்காகங்கள் கையிலிருக்கும் சிப்ஸைப் பறித்துக்கொண்டு போகும் என்பதால், சுவரை முதுகுக்குக் கொடுத்து உட்காருவது உத்தமம்.

ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன், ரோஸ்ட் என்றதும் நெய் ரோஸ்ட்டை நினைத்துக்கொள்ளும் நம் பழக்கத்தைச் சற்று ஒதுக்கி வைக்க வேண்டும். பெரிய இறைச்சித் துண்டை முழுதாக ஓவன் என்ற மூடிய அடுப்புக்குள் வைத்து, மணிக்கணக்கில் வேகவிட்டு, வெளியே எடுத்து ஆறவைத்து, பிறகு மெல்லிய பாளங்களாக அரிந்து பரிமாறுவது இது. மாட்டிறைச்சிக்கு நாசியில் ஏறும் ஹார்ஸ்ரேடிஷ் என்ற காரக் கிழங்கின் சாஸ், ஆட்டிறைச்சிக்குப் புதினாவை வினிகரிலும் சர்க்கரையிலும் ஊறவைத்த சாஸ், பன்றிக்கு ஆப்பிள் கூழ், கோழிக்கு மூலிகை கலந்த ரொட்டித் தூள் என்று ஒவ்வொன்றுக்கும் துணை வகுத்திருக்கிறார்கள். தட்டில் சுட்ட உருளைக்கிழங்கு, காரட், பார்ஸ்னிப் என்ற வெளிர்நிறக் கிழங்கு, முட்டைக்கோசு, பட்டாணி ஆகியவை சேரும். எல்லாவற்றின் மேலும் இறைச்சிச் சாற்றில் செய்த கிரேவி ஊற்றப்படும். குடும்பம் தேவாலயத்துக்குப் போய்த் திரும்பும்வரை இறைச்சி அடுப்பில் தானாக வெந்துகொண்டிருக்கும் என்பது இதன் பின்னணி. வீட்டில் பெரிய அடுப்பு இல்லாத ஏழைகள், ஞாயிறன்று ரொட்டி சுடாமல் சூடு மட்டும் மிஞ்சியிருக்கும் பேக்கரி அடுப்பில் தங்கள் இறைச்சியைக் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். ஆங்கிலேயரைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் ‘ரோஸ்பிஃப்’ என்று கேலி செய்கிறார்கள் என்றால், இந்தச் சாப்பாடு அவர்களோடு எவ்வளவு ஒட்டியது என்று புரியும்.

இதில் எனக்கு இறைச்சியைவிட முக்கியமானவை இரண்டு. ஒன்று உருளைக்கிழங்கு. அதை முக்கால் பதம் வேகவைத்து, நீரை வடித்து, பாத்திரத்தோடு ஒரு குலுக்கு குலுக்கினால் ஓரங்கள் உதிர்ந்து சொரசொரப்பாகும். அந்தச் சொரசொரப்பில் சூடான கொழுப்பு புகுந்துதான் வெளியே கண்ணாடி போல் மொறுமொறுப்பும் உள்ளே மாவு போன்ற மென்மையும் வருகின்றன. மற்றொன்று யார்க்‌ஷயர் புட்டிங். மைதா, முட்டை, பால் மூன்றையும் தோசை மாவைவிட நீர்க்கக் கரைத்து, புகைவரும் அளவு கொழுப்பு காய்ந்த குழிப் பாத்திரத்தில் ஊற்றி, உடனே அடுப்புக்குள் தள்ளிவிடுவார்கள். மாவிலுள்ள நீர் ஆவியாகிப் பூரியை உப்பவைப்பதைப் போலவே இதையும் உப்பவைக்கிறது, முட்டை இறுகி அந்த உப்பலை நிலைநிறுத்துகிறது. நடுவில் அடுப்புக் கதவைத் திறந்தால் அத்தனையும் அமுங்கிவிடும். 1747-இல் அச்சான ஹன்னா கிளாஸின் சமையல் நூலிலேயே இது யார்க்‌ஷயர் பெயரோடு இருக்கிறது. உயரம் நான்கு அங்குலத்துக்குக் குறைந்தால் அது யார்க்‌ஷயர் புட்டிங் ஆகாது என்று 2008-இல் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி என்ற வேதியியல் சங்கமே அறிவித்தது. வேதியியலாளர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமை உண்டு அல்லவா. பழைய யார்க்‌ஷயர் வீடுகளில் இதை இறைச்சிக்கு முன்பே கிரேவியோடு பரிமாறி வயிற்றைப் பாதி நிரப்பிவிடுவார்கள், விலை உயர்ந்த இறைச்சி குறைவாகச் செலவாகும் என்பதற்காக. பந்தியில் முதல் வரிசைக்குச் சோற்றை அள்ளிப் போட்டுவிட்டுக் கறியைச் சுருக்கிப் பரிமாறும் கணக்கு எல்லா ஊருக்கும் பொதுதான் போலிருக்கிறது.

ரோஸ்ட்டின் குறை, அது கிழமைக்குக் கட்டுப்பட்டது என்பதுதான். நல்ல பப்களில் ஞாயிறு பகல் 12 மணிக்குத் தொடங்கி, சமைத்தது தீரும்வரைதான் கிடைக்கும். மாலை 4 மணிக்குப் போய் நின்றால் உருளைக்கிழங்கு காய்ந்திருக்கும், புட்டிங் தோல் போலாகியிருக்கும். முன்பதிவு இல்லாமல் போவதில் பயனில்லை. மற்ற நாட்களில் ரோஸ்ட் என்று விற்பவற்றை ஒதுக்கிவிடலாம் என்பது என் அனுபவம். பதிவு செய்யும்போதே இரண்டு கேள்விகளைத் தொலைபேசியில் கேட்டுவிட வேண்டும். உருளைக்கிழங்கும் புட்டிங்கும் எந்தக் கொழுப்பில் வேகின்றன என்பது முதலாவது, ஏனெனில் மாட்டுக் கொழுப்பும் வாத்துக் கொழுப்பும் இங்கே வழக்கம். எல்லா இறைச்சிக்கும் ஒரே கிரேவிதானா என்பது இரண்டாவது. கோழி கேட்டவருக்கும் மாட்டிறைச்சிச் சாற்றில் செய்த கிரேவியை ஊற்றிவிடும் இடங்கள் உண்டு. தாவர எண்ணெயிலும் செய்கிறோம், சைவக் கிரேவியும் தனியாக உண்டு என்று சொல்லும் பப்கள் இப்போது ஏராளம். பப் என்றால் குடிப்பதற்கு மட்டுமான இடம் என்ற தயக்கமும் தேவையில்லை. ஞாயிறு பகலில் அங்கே பாட்டியும் பேரனும் நாயும் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

மாவு மூடிச் சுட்ட பண்டங்களைச் சுருக்கமாகவே கடந்துவிடலாம். இங்கிலாந்தின் தென்மேற்கு முனையிலுள்ள கார்ன்வாலின் பாஸ்டி, பார்வைக்கு நம் சோமாசியின் பெரியண்ணன். ஓரத்தை மடித்து மடித்துக் கயிறு போல முறுக்கும் விதமும் ஏறக்குறைய அதேதான். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், சுவீட் (swede) என்ற மஞ்சள் கிழங்கு ஆகியவற்றைப் பச்சையாகவே உள்ளே வைத்து மெதுவாகச் சுடுகிறார்கள். தகரச் சுரங்கத் தொழிலாளர்களின் கட்டுச்சோறு அது; 2011 முதல் கார்ன்வாலுக்கு வெளியே செய்வதை ‘கார்னிஷ் பாஸ்டி’ என்ற பெயரில் விற்க முடியாதபடி புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பும் பெற்றிருக்கிறது. லண்டனின் கிழக்கு, தென்கிழக்குப் பகுதிகளில் கொத்திய மாட்டிறைச்சிப் பை, மசித்த உருளைக்கிழங்கு, பார்ஸ்லி என்ற மணமுள்ள இலை போட்ட பச்சைச் சாறு மூன்றும் சேர்ந்த பழைய தொழிலாளர் சாப்பாடு இருக்கிறது. டவர் பிரிட்ஜ் சாலையில் மான்ஸே குடும்பத்தார் 1902 முதல் நடத்தும் கடை அதற்குப் பேர்பெற்றது. இவை இரண்டும் மாட்டிறைச்சியையே நம்பியிருப்பதால் எங்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டன. சாப்பிடுகிறவர்களுக்கு, செலவும் நேரமும் குறைவான தேர்வு இவைதான். எடின்பரோ போகிறவர்கள் மட்டும் ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரல் ஆகியவற்றை ஓட்ஸோடும் மிளகோடும் சேர்த்துச் செய்யும் ஹாகிஸைத் தவறவிட வேண்டாம். குடல் கறிக்குப் பழகிய நாக்குக்கு இந்த நாட்டின் எல்லா உணவுகளிலும் நெருக்கமானது அதுதான். மெக்ஸ்வீன் என்ற எடின்பரோ நிறுவனம் 1984-இல் கொண்டுவந்த சைவ ஹாகிஸும் பரவலாகக் கிடைக்கிறது.

பழைய பாணி உணவகங்களின் சூப் பட்டியலில் ‘மல்லிகட்டானி’ என்ற பெயரைப் பார்த்து நம்மவர்கள் மகிழ்ந்துபோவதுண்டு. நம் மிளகுத் தண்ணிதான் சென்னைப் பட்டணத்துக் கம்பெனி அதிகாரிகளின் வாயில் அப்படித் திரிந்து, 18-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் ஆங்கிலத்தில் ஏறியது. ஆனால் இங்கே அது இறைச்சியும் கறித் தூளும் சில சமயம் ஆப்பிளும் சேர்ந்த கெட்டிச் சூப். சொல்லின் வரலாறு சுவையானது என்பதற்காக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

மாலைத் தேநீருக்கு வருவோம். பெட்ஃபர்டின் ஏழாவது கோமாட்டி அன்னா, மதியத்துக்கும் இரவு விருந்துக்கும் நடுவே பசி தாளாமல் 1840 வாக்கில் தொடங்கிவைத்தது என்று சொல்லப்படும் இந்த வழக்கம், இன்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. மூன்றடுக்குத் தட்டில் வெள்ளரி சான்ட்விச்சும் கேக்கும் அடுக்கி வரும் முழு விருந்து ஒன்று. லண்டனின் பெரிய ஹோட்டல்களில் அதற்குத் தலைக்கு 70 பவுண்டுக்கு மேல் ஆகும், அதில் பாதி மேசைவிரிப்புக்கும் பியானோவுக்கும் கொடுக்கும் காசு என்பது என் எண்ணம். மற்றொன்று ‘கிரீம் டீ’ எனப்படும் எளிய வடிவம். சூடான ஸ்கோன் இரண்டு, ஜாம், கிளாட்டட் கிரீம், ஒரு கெண்டி தேநீர், அவ்வளவுதான். சிற்றூர்த் தேநீர்க் கடையில் பெரும்பாலும் 10 பவுண்டை ஒட்டி முடிந்துவிடும். கிளாட்டட் கிரீமுக்குத் தமிழில் விளக்கமே தேவையில்லை, அது பாலாடை. பாலின் கொழுப்பைத் தணலில் மணிக்கணக்கில் காய்ச்சி, அசைக்காமல் ஆறவிட்டால் மேலே பொன்னிறத்தில் ஏடு படிகிறது. கார்ன்வால் பாலாடையில் கொழுப்பு 55 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது விதி. ஸ்கோனைக் கத்தியால் அறுக்காமல் கையால் இரண்டாகப் பிட்டு, டெவனில் முதலில் பாலாடையையும் அதன்மேல் ஜாமையும், கார்ன்வாலில் முதலில் ஜாமையும் அதன்மேல் பாலாடையையும் வைப்பார்கள். அம்மா இரண்டு பாதியில் இரண்டு முறையையும் செய்து பார்த்துவிட்டு, ஜாம் கீழே இருப்பதுதான் சரி, பாலாடை முதலில் நாக்கில் படுகிறது என்றார். ‘ஹை டீ’ என்ற பெயரைப் பார்த்து அதுதான் உயர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. அது தொழிலாளர் வீடுகளில் மாலை ஆறு மணிக்கு இறைச்சியோடு சாப்பிட்ட இரவுச் சாப்பாட்டின் பெயர்.

முட்டை சேர்க்காத சைவர்களுக்கு இங்கே கூடுதல் கவனம் வேண்டும். பிரிட்டனில் வெஜிடேரியன் என்றால் முட்டை உள்ளடக்கம். யார்க்‌ஷயர் புட்டிங் முட்டையால்தான் நிற்கிறது. முந்திரியும் ரொட்டித் தூளும் சேர்த்து இறைச்சிக்கு மாற்றாகச் சுடும் நட் ரோஸ்ட்டிலும் முட்டை சேர்ப்பவர்கள் உண்டு. ஸ்கோனின் மாவில் இல்லாவிட்டாலும் மேலே பளபளப்புக்கு முட்டை தடவியிருப்பார்கள். தேநீர்க் கடையில் கேட்டுத் தடவாத ஸ்கோனை வாங்கினோம். சீஸ் ஊற்றிச் சுட்ட ரொட்டியான வெல்ஷ் ரேர்பிட் சைவம் போலத் தெரியும், ஆனால் அதில் சேரும் வூஸ்டர்ஷயர் சாஸில் நம் புளியோடு நெத்திலி வகை மீனும் இருக்கிறது. இனிப்புகளில் சூவெட் என்ற சொல்லைக் கண்டால் அது மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பாக இருக்கலாம். இத்தனை கண்ணிகளுக்கும் தப்பிய ஒன்று, எவரும் விருந்தாக எண்ணாத ஜாக்கெட் உருளைக்கிழங்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல் தோலோடு சுட்டு, நடுவில் சிலுவைக் குறியாகக் கீறி, வெண்ணெயும் செடார் சீஸும் போட்டுத் தருவார்கள். அம்மா பயணம் முழுவதும் மறுமுறை கேட்டு வாங்கிய ஒரே உள்ளூர்ச் சாப்பாடு அதுதான். மேலே தூவ மிளகுத்தூளை மட்டும் கைப்பையில் வைத்திருந்தார்.

இனி முடிவுக்கு வருகிறேன். தங்கும் நாட்களுக்குள் ஒரு ஞாயிறு வருகிறது, ஆட்டிறைச்சியோ கோழியோ சாப்பிடுவீர்கள் என்றால், யோசிக்காமல் ரோஸ்ட்டுக்குப் பதிவு செய்யுங்கள். வேறெந்தப் பிரிட்டிஷ் உணவும் அந்த அளவுக்கு ஒரு முழுச் சாப்பாடாக, எல்லாரும் இரண்டு மணி நேரம் சேர்ந்து உட்காரும் பந்தியாக அமைவதில்லை. ஞாயிறு இல்லை என்றாலோ, கடற்கரைப் பக்கம் போகிறீர்கள் என்றாலோ, மீனும் சிப்ஸும்தான். இரண்டுக்கும் நடுவே ஊசலாடுகிறவர்கள் செலவைப் பார்க்கலாம். மீன் தலைக்கு 10 பவுண்டுக்குச் சற்று மேலே முடியும், ரோஸ்ட்டுக்கு ஏறக்குறைய அதன் இரு மடங்கு ஆகும். முழுச் சைவக் குடும்பம் என்றால் ரோஸ்ட்டுக்குப் போய்க் காய்கறிகளை மட்டும் சாப்பிட்டுவிட்டு ஏமாறுவதைவிட, மதியம் ஜாக்கெட் உருளைக்கிழங்கும் மாலையில் கிரீம் டீயும் என்று வைத்துக்கொள்வதே நிறைவாக இருக்கும். பன்றியிறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு ஒரே ஒரு காலைப்பொழுதுதான் மிச்சம் என்றால், விமான நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு பழைய கஃபேயில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளலாம்.

நாங்கள் ஞாயிறன்று லீட்ஸுக்கு வெளியே, தாவர எண்ணெயில் சமைப்பதாகத் தொலைபேசியில் உறுதி சொன்ன ஒரு சிற்றூர் பப்புக்குப் போனோம். பாதுகாப்புக்காக அப்பாவுக்குக் கோழி சொன்னேன். அம்மாவுக்குக் காலிஃபிளவரைச் சீஸ் சாஸில் சுட்ட தட்டு வந்தது. அடுத்த மேசையில் ஒரு பெரியவர் ஆட்டிறைச்சியின் மேல் புதினாச் சாஸைக் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டிருந்ததை அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். காரில் ஏறியதும், "நீ அதைச் சொல்லியிருக்கலாம்" என்றார். இந்த வசந்தத்தில் மீண்டும் வருகிறார்கள். இரண்டு ஞாயிறு இருக்கும்படி டிக்கெட் எடுக்கச் சொல்லியிருக்கிறார்.